பச்சையப்பனுக்கு வெயில் வேண்டும்

உடும்பைக் கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் கேட்டவன் நான். மார்கழி விடியலில் எங்கள் நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயிலைச் சுற்றி வரும் பஜனை கோஷ்டியில் அப்பா கஞ்சிரா வாசிப்பார். பலாமர வளையம், ஒரு பக்கம் மட்டும் உடும்புத் தோல், ஓரத்தில் கலகலக்க இரண்டு பழைய காசு. கிளம்புவதற்கு முன் தோலின் உட்புறத்தில் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவுவார். விறைத்துக் கிடந்த தோல் மெல்ல இளகும். இடது கை விரலால் தோலை அழுத்தியபடி வலது கையால் அவர் தட்டும்போது எழும் கும்கி நாதம், பனிமூட்டத்தைத் தாண்டி இரண்டு தெருவுக்குக் கேட்கும். பஜனையோடு பஜனையாகக் கிடந்த இந்த வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை என்று அப்பா சொல்வார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். அந்தத் தோலுக்கு உரிய பிராணியைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

உயிருள்ள உடும்பைப் பார்த்தது சந்தை நாளில். வேட்டைக்குப் போய் வந்தவர் கோணிப்பையைக் கவிழ்த்தார். நான்கு கால்களையும் முதுகுப் பக்கமாக வளைத்துக் கட்டியிருந்தது. அசைய முடியாத அந்த உடம்பில் பிளந்த நாக்கு மட்டும் வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தது. இடுப்பு வலிக்கு, இழுப்புக்கு என்று விலை பேசி வாங்கிப் போனார்கள். 1972ஆம் ஆண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சந்தை வரைக்கும் அது நடந்து வர வெகுகாலம் ஆனது.

இந்த இரண்டு நினைவுகளும் பல ஆண்டுகள் என்னுள் தனித்தனியாகக் கிடந்தன. அவற்றைச் சேர்த்துவைத்தது உடும்பு அல்ல. கடல் கடந்து வந்த வேறொரு பெரிய பல்லி. இப்போது என் வீட்டுக் கொல்லையில் கம்பிவலைக் கூண்டுக்குள் கொய்யாக் கிளை மேல் படுத்திருக்கிறது. பச்சை இகுவானா. தென் மெக்சிகோவிலிருந்து பிரேசில், பராகுவே வரை ஆற்றோரக் காடுகளில், தண்ணீருக்கு மேல் நீண்ட கிளைகளில் வாழும் இனம். என் மனைவி அதற்கு வைத்த பெயர் பச்சையப்பன்.

நாகலாபுரத்தை அறியாதவர்களுக்குச் சில வார்த்தை. கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாவின் நினைவாக உண்டாக்கிய ஊர் என்பார்கள். 2022 வரை சித்தூர் மாவட்டம், பிறகு திருப்பதி மாவட்டம். ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் சென்னை நூறு கிலோமீட்டருக்குள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு, கோயிலில் இரண்டும் என்று பேசிப் பழகியவர்கள் நாங்கள். ஊருக்குப் பின்னால் மலை, மலைக்குள் ஓடை. விடுமுறை நாட்களில் சென்னைப் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு அந்த ஓடையில் குளிக்க வருவார்கள். போகும்போது பிளாஸ்டிக் பாட்டில்களையும் எடுத்துப் போனால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

அக்கா குடும்பம் சென்னையில், வண்ணமீன் கடைகள் வரிசையாக நிற்கும் கொளத்தூர்ப் பக்கம் இருந்தது. அவள் மகன் 2016இல் அந்தப் பகுதியில் எங்கோ ஒரு கடையில் விரல் நீள உடம்பும் அதைவிட நீண்ட வாலுமாக ஒரு குட்டியை வாங்கி வந்தான். "மாமா, இது பெருசா வளராதாம். தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் வளருமாம்" என்று தொலைபேசியில் சொன்னான். கடைக்காரர் சொன்ன சொல் அது. அதைப் போன்ற பொய் வேறில்லை. நல்ல தீனி கிடைத்த ஆண் இகுவானா வாலோடு சேர்ந்து ஐந்து, ஆறு அடி வரும். நான்கைந்து கிலோ எடை பிடிக்கும். ஒழுங்காக வளர்த்தால் பதினைந்து, இருபது ஆண்டு உயிரோடிருக்கும். கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவன் கையில் கண்ணாடித் தொட்டியோடு கொடுக்கப்பட்ட உயிர் அது.

அடுத்த ஆண்டு நான் போனபோது தொட்டியை எடுத்துவிட்டு வரவேற்பறை ஜன்னலோரம் ஒரு பழைய புத்தக அலமாரியைக் கூண்டாக்கியிருந்தார்கள். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாகக் காலை வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் குட்டியின் தாடை இருபுறமும் வீங்கி, பின்னங்கால்கள் தடித்து, நடக்கும்போது விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. பிள்ளை அதைக் கொழுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான். தோட்டத்தில் கன்றுக்குட்டிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த நடுக்கம் பிடிக்கவில்லை. மறுநாளே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். எலும்புகள் நிழல்போல வெளிறி இருந்தன. அவர் எங்களுக்கு விளக்கிச் சொன்னது இன்றும் வரிவரியாக நினைவிருக்கிறது. இலை தின்னும் இந்தப் பிராணிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்தச் சத்து உடம்பில் ஏற வேண்டுமானால் வைட்டமின் டி வேண்டும். அதை அதன் தோலே தயாரித்துக்கொள்ளும், புற ஊதாக் கதிர் நேராகப் பட்டால். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், அந்தக் கதிரை மட்டும் விடாது. ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்ததும் உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. கரைந்த இடத்தில் நார் வளர்ந்து வீங்குகிறது. கொழுப்பு என்று நாங்கள் பார்த்தது அதுதான். உலகமெங்கும் வீடுகளில் அடைபட்ட இகுவானாக்களுக்கு அதிகமாக வரும் நோய் இது என்றார்.

இன்னொன்றும் கேட்டார்: "என்ன சாப்பிடக் குடுக்கறீங்க?" அக்கா தயங்கிக்கொண்டே இட்லி, பாலக்கீரை, வாரம் இரண்டு முட்டை என்றாள். முட்டையும் இறைச்சியும் பல காலம் தின்றால் இதன் சிறுநீரகம் கெட்டுப்போகும், பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும் என்றார். வேறென்ன கொடுக்கலாம் என்று கேட்டபோது அவர் சொன்ன பட்டியலைக் கேட்டு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அகத்தி, முருங்கைக் கீரை, முசுக்கொட்டை இலை, செம்பருத்திப் பூவும் இலையும், பூசணி, அவரை. எல்லாம் என் வீட்டைச் சுற்றி முளைத்துக் கிடப்பவை.

ஆனால் உடனே அது எங்கள் ஊருக்கு வந்துவிடவில்லை. பிள்ளை விடமாட்டேன் என்றான். மொட்டை மாடியில் கூண்டு கட்டினான், சுண்ணாம்புச் சத்து மருந்து ஊற்றினான், புற ஊதாக் கதிர் தரும் விளக்கு வாங்கி மாட்டினான். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் சில மாதங்களில் கதிர் வற்றிவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் செய்தான். வீக்கம் வற்றியது, நடுக்கம் நின்றது. வளைந்த தாடை மட்டும் வளைந்தபடியே நின்றுவிட்டது. அவன் பட்ட பாடு அன்பில்லாமல் பட்டதல்ல. அதை நான் நேரில் பார்த்தேன்.

2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்போர் ஆறு மாதத்துக்குள் தாமாகவே தெரிவித்தால் ஆவணம் கேட்கமாட்டோம் என்றது. பிள்ளை தெரிவித்துப் பதிவு செய்தான். அது வரை நம் நாட்டில் இருந்த நிலை விசித்திரமானது. இங்கே பிறந்த உடும்பு சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கிறது. பிடித்தாலோ கொன்றாலோ வீட்டில் வைத்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. அமெரிக்கக் கண்டத்து இகுவானாவோ அப்போது நம் அட்டவணை எதிலும் இருக்கவில்லை. எல்லையில் சுங்கத்துறை கண்ணில் படாமல் உள்ளே வந்துவிட்டால் கேட்க ஆளிருக்கவில்லை. 2022இல் சட்டத்தைத் திருத்தி, வன உயிரின வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வரும் அயல்நாட்டு இனங்களுக்குத் தனி அட்டவணை சேர்த்தார்கள். 2024 பிப்ரவரியில் பதிவு விதிகளும் வந்தன. சட்டத் திருத்தம் வந்தும் என்ன? 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் இருந்தன. அடுத்த மாதம் பாங்காக்கிலிருந்து பெங்களூரு வந்த பெட்டிகளில் 234 உயிர்கள், அவற்றில் இகுவானாக்களும் உண்டு. கூடவே ஒரு கங்காருக் குட்டி, செத்துப்போய். இந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் கொளத்தூர்க் கண்ணாடித் தொட்டி எந்தப் பெட்டியிலிருந்து தொடங்கியது என்ற எண்ணம் எனக்கு வரும்.

2021இல் பிள்ளைக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. "மாமா, உங்களை விட்டா யாரும் இல்லை" என்றான். கைமாற்றத்தை உரியவர்களுக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, துணி மூடிய பெட்டியில் ஊத்துக்கோட்டைச் சாலை வழியாகப் பச்சையப்பன் நாகலாபுரம் வந்து சேர்ந்தது.

முதலில் செய்த வேலை கூண்டு. பத்தடி நீளம், ஆள் உயரத்துக்கு மேல். பாதிக்குத் தென்னங்கீற்று, பாதி திறந்த வெயில். குறுக்கே இரண்டு கொய்யாக் கிளை. மூலையில் இறங்கிக் கிடக்க ஒரு சிமெண்டுத் தொட்டி. இகுவானா தண்ணீரில் நன்றாக நீந்தும், தண்ணீரிலேயே கழியும். தொட்டியைத் தினம் கழுவுவதுதான் வளர்ப்பில் பாதி வேலை. மீதிப் பாதி இலை பறிப்பது.

வெயிலைப் பற்றி எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்குனியில் மூன்று நாள் மாலைச் சூரியன் கோயில் வாசல் வழியே நுழைந்து, அத்தனை மண்டபங்களையும் கடந்து, கருவறையில் மீனுருவாய் நிற்கும் வேதநாராயணரின் பாதத்தைத் தொடும். அடுத்தடுத்த நாள் மேலே ஏறித் திருமுகம் வரை போகும். தெப்பத்தோடு சேர்த்து ஊரே கொண்டாடும் சூரிய பூஜை அது. கதிர் எந்த நாளில் எந்தக் கோணத்தில் விழும் என்று கணக்கிட்டுக் கல்லை அடுக்கிய கைகளை நினைத்து நான் எப்போதும் வியப்பவன். அதே மாதத்தில்தான் பச்சையப்பன் காலையில் கிளையின் கிழக்கு முனைக்கு வந்து உடம்பைத் தட்டையாக்கி வெயிலுக்குக் குறுக்கே படுக்கிறது. கிளைக்கு வந்ததும் மங்கிக் கறுத்திருக்கும் தோல், சூடு ஏற ஏறப் பச்சை தெளிந்து வரும். போதும் என்றதும் தானே நிழலுக்கு நகரும். சித்திரையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் எங்கள் மதியம் அதற்கும் ஆகாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அப்போது கீற்று மேல் தண்ணீர் தெளித்துவிடுவோம்.

அதன் தலை உச்சியில் வெளிறிய ஒரு செதில் உண்டு. மூன்றாவது கண் என்று அதைச் சொல்வது தவறில்லை. உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். ஆகாயத்தில் கருடன் வட்டமிடும்போது நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் இது கிளையோடு ஒட்டிக்கொள்ளும். அமேசான் கரையில் கழுகுக்குப் பயந்து முன்னோர்கள் பழகிய பழக்கம். பிறந்ததிலிருந்து எந்தப் பருந்தும் தீண்டாத இந்த உடம்பு அதை மறக்கவில்லை. அவ்வப்போது தும்மும், மூக்கோரம் வெள்ளையாகப் படியும். சளி என்று மனைவி பயந்தாள். அது உப்பு. உடம்பில் மிஞ்சும் உப்பை மூக்கருகே உள்ள சுரப்பி வழியாகத் தள்ளிவிடுகிறது.

எனக்கு மிகவும் வியப்பான விஷயம் அதன் வயிறு. இலையை மட்டும் தின்று இவ்வளவு பெரிய உடம்பு வளர்ப்பது ஊர்வனவற்றில் அரிது. பெருங்குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இலைநாரை நொதிக்கவைக்கின்றன. குட்டிகள் பிறக்கும்போது அந்த நுண்ணுயிர்கள் வயிற்றில் இருப்பதில்லை. காட்டில் குட்டிகள் பெரிய இகுவானாக்களின் எச்சத்தைத் தேடித் தின்று நுண்ணுயிர்களைப் பெற்றுக்கொள்கின்றன. 1980களில் பனாமாவில் ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார்கள். தாய் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், குட்டி யாரையும் அறியாது, ஆனாலும் மூத்த தலைமுறையிடம் இப்படி ஒரு சொத்து வாங்கிக்கொள்கிறது. கண்ணாடித் தொட்டியில் தனியாகப் பிறந்து விற்பனைக்கு வரும் குட்டிக்கு அந்தச் சொத்து எங்கிருந்து கிடைக்கும்?

இந்த வயிற்றால்தான் 2021 நவம்பர் எங்களுக்குப் பெரும் சோதனையானது. அந்த மாதம் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் வண்டிகளை இழுத்துப்போன காட்சியை நாடே பார்த்தது. எங்கள் பக்கம் ஆரணியாறு கரை புரண்டது. மின்சாரம் போய்விட்டது. சூரியனே இல்லை. ஈரம் அதற்குப் பழக்கமானதுதான், குளிர்தான் ஆகாது. உடம்பு குளிர்ந்தால் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். தின்ற இலை வயிற்றிலேயே கிடந்து கெடும். வீட்டுக்குள் கொண்டுவந்து, இலை போடுவதை நிறுத்தி, விறகடுப்பில் வெந்நீர் காய்ச்சிப் பாட்டில்களில் ஊற்றி, கோணியில் சுற்றி இருபுறமும் வைத்தோம். ராத்திரியில் மாறிமாறி எழுந்து வெந்நீரை மாற்றினோம். மனைவி ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொள்ளவில்லை. மழை விட்டு வெயில் வந்த அன்று கூண்டுக்குத் திரும்பியதும் வெகுநேரம் படுத்துக் கிடந்துவிட்டுத்தான் முதல் செம்பருத்தியைக் கடித்தது.

பாசமாக இருக்குமா என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். என்னைத் தெரியும், அவ்வளவு சொல்லலாம். இலைக்கூடையோடு நான் வந்தால் கீழே இறங்கும், புதியவர் வந்தால் தாடைக்குக் கீழே தொங்கும் தோலை விரித்துத் தலையை மேலும் கீழும் ஆட்டும். பனிக்காலம் தொடங்கும்போது ஆணின் தோலில் ஆரஞ்சு நிறம் ஏறும். அது இனப்பெருக்கக் காலம். அப்போது என்னையும் தெரியாது. வாலைச் சுழற்றி அடித்தால் புளியம் விளாறு பட்டதுபோல் தழும்பு விழும். பல் சிறியது, ஆனால் ரம்பம், கடித்தால் தையல்தான். ஓர் ஆண்டு என் கட்டைவிரலில் அது நடந்தது. காட்டில் எல்லை காத்துப் போட்டியாளரை விரட்ட வேண்டிய வேகம், நான்கு பக்கமும் கம்பிக்குள் யார் மேல் போகும்? அந்த மாதங்களில் கூண்டுக்குள் நான் போவதைக் குறைத்துக்கொள்கிறேன். நெருங்கிப் போய்க் கொஞ்சுவதைவிட எட்டி நிற்பது அதற்கு நான் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.

பச்சையப்பனைக் கவனித்த கண்ணோடுதான் எங்கள் மாந்தோப்பு உடும்பைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கினேன். தோப்பின் மேற்கு மூலையில் ஒரு பெரிய புற்று. நாகசதுர்த்திக்கு ஊர்ப் பெண்கள் பால் வார்க்கும் புற்று. அதில் நாகம் இருக்கிறதோ இல்லையோ, உடும்பு முட்டை இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் யானாதிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர். புற்றின் பக்கவாட்டில் புதுமண் பூசிய வட்டத்தைக் குச்சியால் தொட்டுக் காண்பித்தார். பெண் உடும்பு மழைக்காலத்தில் புற்றைக் குடைந்து இருபதுபோல முட்டையிட்டு மண்ணால் அடைத்துவிடும். கறையான்கள் தங்கள் வீட்டுச் சுவர் உடைந்ததாகப் பார்த்துச் சரிசெய்துவிடும். உள்ளே சூடும் ஈரமும் மாறாது. ஆறு, ஏழு மாதம் கழித்துக் குட்டிகள் கிழித்துக்கொண்டு வெளியே வரும். எந்தப் பொறியியலாளரும் அமைக்க முடியாத அடைகாப்பறையைக் கறையான்கள் கூலியில்லாமல் காத்து நிற்கின்றன. அந்தப் பெரியவர் இளமையில் உடும்பு பிடித்துப் பிழைத்தவர். அவர் அறிந்ததில் பத்தில் ஒரு பங்கு எனக்கு இந்த வயதிலும் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இருளர்கள் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்து, பாம்பு பிடிக்கும் அறிவை விஷமுறிவு மருந்துக்கான தொழிலாக்கினார்கள். யானாதிகளின் அறிவுக்கும் அப்படி ஒரு வழி பிறந்திருக்க வேண்டும்.

தோப்பு உடும்பு காலை எட்டு மணிக்கு மேல் வெளியே வரும். கொஞ்ச நேரம் வெயில் காய்ந்துவிட்டு நடக்கத் தொடங்கும். நாக்கை நீட்டி மண்ணைத் தொட்டுத் தொட்டு வாசனை பிடித்துக்கொண்டே வரப்பு வரப்பாகப் போகும். சாணிக்குள் வண்டுப்புழு, வரப்பில் நண்டு, எலிக்குட்டி, செத்துக் கிடப்பது எதுவானாலும் தின்னும். சந்தேகம் வந்தால் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று பார்க்கும். ஒரு காலையில் அது சுற்றும் நிலம் என் வீட்டுக் கூண்டைப்போல ஆயிரக்கணக்கான கூண்டுகளை உள்ளே போடக்கூடிய அளவு. அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் நாளில் கூண்டு எனக்குச் சிறுத்துத் தெரியும். இரண்டு முறை அதைப் பெரிதாக்கிவிட்டேன்.

அப்பாவின் கஞ்சிராத் தோல் ஒரு கோடையில் கிழிந்துபோனது. அதற்குள் உடும்புத் தோல் கிடைப்பது நின்றிருந்தது. ஆட்டுத்தோல் போட்டு வாசித்தார். நாதம் இறங்கிப்போச்சு என்று வருந்தினார். அவர் வருத்தம் உண்மையானது, கேட்டவன் நான். ஆனாலும் மேற்கு மூலைப் புற்றருகே நிற்கும்போது ஆட்டுத்தோல் நாதமே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன ஆண்டு கனடாவிலிருந்து பிள்ளை ஒரு வீடியோ அனுப்பினான். நண்பன் வீட்டில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய பல்லி, கூப்பிட்டால் வந்து மடியில் ஏறுகிறது. "இது டெகு மாமா, அர்ஜென்டினாப் பக்கத்து இனம். இகுவானா மாதிரி கிடையாது, ஆளைக் கண்டா ஓடி வரும். ஊருக்கு வந்தா நாம ஒண்ணு வாங்கலாம்" என்றான். வீடியோவை நான் பலமுறை பார்த்தேன். அழகான பிராணி. அதன் நடையும் பிளந்த நாக்கும் மண்ணைத் தோண்டும் விதமும் அப்படியே நம் உடும்பு. அமெரிக்கக் கண்டங்களில் இயற்கையாக உடும்பினம் கிடையாது. அங்கே உடும்பின் இடத்தில் டெகு இருக்கிறது. முட்டை, பழம், புழு, எலி எல்லாம் தின்னும். குளிர்காலம் முழுக்க வளைக்குள் தூங்கும். இனப்பெருக்கக் காலத்தில் இரவில்கூட வளையின் குளிரைவிடப் பத்து டிகிரி வரை உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் என்று பிரேசில், கனடா ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். பல்லிக்கு உள்ளிருந்தே சூடு வரும் என்பதை அது வரை யாரும் எதிர்பார்க்கவில்லை. 1980களில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டெகுத் தோல்கள் தென் அமெரிக்காவிலிருந்து செருப்புக்கும் இடுப்பு வாருக்கும் ஏற்றுமதியாயின. அப்பாவின் கஞ்சிரா என் கண் முன் வந்தது.

பிள்ளைக்கு நான் ஃப்ளோரிடாவைப் பற்றி எழுதினேன். செல்லமாக வாங்கிய டெகுக்களும் இகுவானாக்களும் தப்பியும் கைவிடப்பட்டும் அங்கே பெருகிவிட்டன. டெகு முதலை முட்டையையும் ஆமை முட்டையையும் தோண்டித் தின்கிறது. இகுவானா கால்வாய்க் கரைகளைக் குடைகிறது. கடுங்குளிர் விழும் ஜனவரியில் மரத்திலிருந்து விறைத்துப்போய் விழுகிறது. 2021 ஏப்ரலில் அந்த மாநிலம் இரண்டையும் புதிதாக வாங்கி வளர்ப்பதற்குத் தடை போட்டது. எங்கள் மலையடிவாரத்தில் மயில் தரையில்தான் முட்டையிடுகிறது, நட்சத்திர ஆமை மண்ணுக்குள் புதைக்கிறது. குளிர் விழுந்து தடுக்காத நாடு இது. ஒரு ஜோடி டெகு வலையைக் கிழித்துக்கொண்டு போனால் திரும்பப் பிடிக்க யாரால் முடியும்? "ஓடி வர்றது பாசத்துக்குன்னு வெச்சுக்கிட்டாலும், ஊருக்கு அது ஆகாதுடா" என்று முடித்தேன். பிள்ளை நீண்ட நேரம் கழித்து, "சரி மாமா" என்று மட்டும் பதில் போட்டான். பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

பச்சையப்பனைக் கனடாவுக்குக் கொண்டுபோக முடியுமா என்றும் ஒருமுறை விசாரித்தான். ஏற்றுமதி அனுமதி, இறக்குமதி அனுமதி, அதற்கு மேல் அந்த ஊர்க் குளிர். பனி கொட்டும் மாதங்களில் மறுபடியும் விளக்கடியில்தான் வாழ வேண்டும். நானே வேண்டாம் என்றேன்.

கணக்குப் போட்டால் இன்னும் பத்து ஆண்டு அது இருக்கும். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இலை பறிக்க முருங்கை ஏறுவதை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். மிருகக்காட்சி சாலைகளில் இகுவானாக்கள் ஏற்கெனவே நிறைய உண்டு. கொண்டுவந்து விட்டுப்போக வரிசையில் நிற்பவர்களும் உண்டு. எங்களுக்குப் பிறகு பச்சையப்பனை யாரிடம் ஒப்படைப்பது என்று நானும் மனைவியும் பல இரவு பேசியிருக்கிறோம்.

புத்தூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் மகள் பொங்கலுக்கு வந்தபோது அவளே பேச்சை எடுத்தாள். கூண்டை அளந்தாள். தன் வீட்டு மாடியில் கிழக்கு வெயில் எத்தனை மணி வரை விழுகிறது என்று ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். "நான் பாத்துக்கறேன்ப்பா. ஆனா ஆரஞ்சு மாசத்துல நீங்க வந்து ஒரு தடவை எனக்குக் காட்டிக் குடுக்கணும். இன்னொண்ணு, இதுக்கு ஜோடி கீடின்னு யாரும் எதையும் வாங்கிட்டு வரக் கூடாது." மருமகன் கூண்டுக்கு வெளியே நின்று ஆமாம் என்று தலையாட்டினார். மாடி மூலையில் தொட்டியில் வைக்க அகத்தி விதையும் செம்பருத்திப் பதியனும் அன்றே எடுத்துப்போனார்கள். பதிவில் பெயர் மாற்ற வேண்டிய விண்ணப்பத்தை அவளே நிரப்பிக்கொண்டிருக்கிறாள். என் கையெழுத்து மட்டும் பாக்கி.